வாய்தா நாளும் கடல் நாளும்: வழக்கில் பணம் எங்கே வேலை செய்கிறது?

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும்: திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. குறுகலான பாக் நீரிணையில் இரு தரப்பும் மோதிக்கொள்ளாமல் இருக்க ஏற்பட்ட ஏற்பாடு அது. திங்கள் காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போகிற படகு செவ்வாய் காலைதான் கரைக்குத் திரும்பும். நீதிமன்றமோ திங்கள் முதல் வெள்ளி வரை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். படகில் கூலிக்குப் போகிற ஒருவர் மீது ராமநாதபுரத்தில் ஒரு வழக்கு நடக்கிறது. திங்களிலோ புதனிலோ வாய்தா விழுந்தால் அந்தப் பாடு, அதாவது ஒருமுறை கடலுக்குப் போய் வரும் வேலை, போச்சு. செவ்வாயிலோ வியாழனிலோ விழுந்தால், இரவெல்லாம் வலை இழுத்த கையோடு, தூங்காமல், சுமார் 55 கிலோமீட்டர் பஸ் ஏறிப் போய் நிற்க வேண்டும். மிச்சம் இருப்பது வெள்ளி. வாய்தா தேதி குறிக்கிறவர்கள் கடல் நாட்காட்டியைப் பார்த்துக் குறிப்பதில்லை.

'பணம் இருந்தால் நீதி கிடைக்கும்' என்று டீக்கடையில் பேசுவோமே, அதன் உண்மையான பொருள் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பணக்காரர் பெரிய வக்கீலை வைப்பார், அவர் அழகாக வாதாடுவார், நீதிபதி மயங்கிவிடுவார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சினிமா பார்த்துப் பார்த்து வந்த நினைப்பு. வழக்குகளில் பெரும்பாலானவை வாதத் திறமையால் திரும்புவதில்லை. சரியான நாளில் சரியான மனு போட்டோமா, ஜாமீனுக்கு ஆள் கிடைத்ததா, இழுத்துக்கொண்டு போகிற வழக்கில் கடைசிவரை நிற்க முடிந்ததா என்பதில்தான் திரும்புகின்றன. இந்த மூன்றுக்கும் பணம் வேண்டும்.

ஒரு கற்பனை வழக்கை வைத்துப் பார்ப்போம். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துத் தங்கச்சிமடத்துப் படகு உரிமையாளர் ஒருவர், அவர் படகில் போகிற கூலித் தொழிலாளி ஒருவர். வலை அறுந்த தகராறில் கரையில் அடிதடி. இருவர் மீதும் ஒரே எஃப்.ஐ.ஆர்., ஒரே பிரிவுகள். காகிதத்தில் இருவரும் சமம்.

முதல் நாள் இரவிலேயே சமம் போய்விடுகிறது. உரிமையாளருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார். போன் போட்டுப் பேசுகிறார். 'வீட்டில் இருக்காதீர்கள், நாளைக்கே முன்ஜாமீன் மனு போடுகிறேன்' என்கிறார் வக்கீல். ராமநாதபுரம் செஷன்ஸ் நீதிமன்றத்தில் தள்ளுபடியானால் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. (2004 ஜூலை 24-ல்தான் அந்தக் கிளை வந்தது. அதற்கு முன்பு இதற்கெல்லாம் சென்னைக்குப் போக வேண்டும். தூரம்கூட ஒருவகை வக்கீல் செலவுதான்.) தொழிலாளிக்கு எஃப்.ஐ.ஆர். விவரமே தெரியாது. மறுநாள் காலை மீன் இறக்கிக்கொண்டிருக்கும்போது போலீஸ் வந்து கூட்டிப் போகிறது.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு. தான் விரும்பும் வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 'விரும்பும் வக்கீல்' என்பதைப் பீஸ் கொடுக்க முடியாதவர் வாசிக்கும்போது என்ன தோன்றும் என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். அந்த ஓட்டையை அடைக்க 1976-ல் 39-ஏ பிரிவு வந்தது: பணமில்லாததால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும். ரிமாண்டுக்காக முதல் முறை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே அந்த உதவி கிடைக்க வேண்டும் என்று 1981-ல் பீகார் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'எனக்கு வக்கீல் வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லையே' என்று அரசு தப்பிக்கவும் முடியாது. அருணாசலப் பிரதேச வழக்கொன்றில், இலவச வக்கீல் உண்டு என்பதைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதற்காகவே 1986-ல் தண்டனையை ரத்து செய்தார்கள்.

நம் தொழிலாளிக்கு அந்த நாளில் வக்கீல் இருந்தால் என்ன வித்தியாசம்? ஒன்றைச் சொல்கிறேன். காவலில் இருப்பவர் மீது போலீஸ் குறிப்பிட்ட நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். குற்றத்தைப் பொறுத்து 60 நாள் அல்லது 90 நாள். தவறினால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும், நீதிபதி மறுக்க முடியாது. ஆனால் அதைக் கேட்டு மனு போட வேண்டும். 61-ம் நாள் மனு போடாமல் விட்டு, 63-ம் நாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை கரைந்துவிடும். நாளை எண்ணிக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும். நல்ல வக்கீல் என்றால் முதலில் இந்த நாள் எண்ணுகிறவர்தான், மேஜையைத் தட்டிப் பேசுகிறவர் அல்ல.

சரி, ஜாமீன் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அத்தோடு வெளியே வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். இல்லை. 'இரண்டு நபர் ஜாமீன்' என்று உத்தரவில் இருக்கும். அந்த இரண்டு நபரும் தங்களுக்குச் சொத்து இருக்கிறது என்று காட்ட வேண்டும். வீட்டு வரி ரசீது, பட்டா, சில நேரம் தாசில்தார் தரும் சொத்து மதிப்புச் சான்று. கடற்கரைக் குப்பங்களில் மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் இருந்தும் பட்டா இல்லாத குடும்பங்கள் பல உண்டு. சொந்தக்காரர் எல்லோரும் அதே குப்பம், அதே நிலைமை.

பக்கத்து வீட்டுப் பையனுக்காக நானே ஒருமுறை ஜாமீன் கொடுக்கப் போனேன். வீட்டு வரி ரசீது காலமான என் அப்பாவின் பெயரில் இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாரிசுச் சான்று, அது, இது என்று ஓடி முடிக்க நான்கு நாள். நீதிபதி விடச் சொல்லி உத்தரவு போட்ட பிறகும் அந்த நான்கு நாளும் அவன் உள்ளே இருந்தான். அவனுக்கு எதிராக யாரும் எதையும் நிரூபித்திருக்கவில்லை. என் அப்பா பெயர் மாறாமல் இருந்ததுதான் குற்றம்.

இதைப் பற்றி 1978-லேயே உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒரு தீர்ப்பில் எழுதியிருக்கிறார். மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் ஜாமீன் கொடுக்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். ஒரு தமிழரோ மலையாளியோ வடக்கே போன இடத்தில் கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்று கேட்ட கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது அவருடைய சொந்த உறுதிமொழியில், விடச் சொன்னார். கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் மீன்பிடிக்கப் போகிற நம் ஊர் ஆட்களுக்கு அந்தக் கேள்வி இன்றும் அப்படியே பொருந்தும்.

தீர்வுகள் எழுத்தில் இருக்கின்றன. ஜாமீனில் விடக்கூடிய சாதாரணக் குற்றம் என்றால், ஒரு வாரமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்காதவரை ஏழை என்று கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்பது சட்டம். மற்ற குற்றங்களில், ஜாமீன் கிடைத்தும் 7 நாளில் வெளிவர முடியாதவர்களைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் தர வேண்டும் என்றும், ஒரு மாதமாகியும் முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானே பரிசீலிக்கலாம் என்றும் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு மத்திய அரசு, ஏழை விசாரணைக் கைதிகளின் ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை தரும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இதெல்லாம் தெரிந்த ஒருவர் மனு எழுதிக் கொடுத்தால்தான் நகரும். மறுபடியும் வக்கீலிடமே வந்து நிற்கிறோம். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தண்டனை பெற்றவர்கள் அல்ல, வழக்கு முடியக் காத்திருப்பவர்கள். அதில் எத்தனை பேர் வெறும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் இருக்கிறார்களோ!

முதலாளி வைத்துக் கொடுக்கும் வக்கீல்

இந்த விஷயத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. நம் கற்பனை வழக்கில் உரிமையாளர் நல்ல மனிதர் என்றே வைத்துக்கொள்வோம். 'நீ கவலைப்படாதே, என் வக்கீலே உனக்கும் பார்ப்பார்' என்கிறார். தொழிலாளியின் மனைவிக்கு நிம்மதி. பீஸ் பணம் முன்பணக் கணக்கில் ஏறுகிறது. அதாவது கடன். அது அடையும்வரை வேறு படகுக்கு மாற முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல், வக்கீல் யாருக்காகப் பேசுகிறார் என்பது. 'அரிவாளை எடுத்தது முதலாளி, நான் விலக்கிவிடத்தான் போனேன்' என்பது தொழிலாளியின் உண்மையான பதிலாக இருக்கலாம். பீஸ் கொடுத்தவரின் வக்கீல் அதை எழுத முடியுமா? ஒரே வக்கீல் இரண்டு முரண்பட்ட தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது தொழில் நெறி. ஆனால் முரண்பாடு இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் தொழிலாளி. அவருக்கு அது உரைக்கும் முன்பே வழக்கு பாதி தூரம் போயிருக்கும்.

கடல் அட்டை (கடலடியில் வாழும் ஓர் உயிரினம்) வழக்குகளில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையானது. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் கடல் அட்டையை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். யானை, புலியோடு அதுவும் ஒன்று. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. மண்டபத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி வரை கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மூட்டையோடு பிடிபடுவது மூட்டை சுமக்கிறவர்தான், அதை வாங்கக் காத்திருந்தவர் அல்ல. சுமந்தவருக்காக வக்கீல் தானாக வந்து நிற்கிறார் என்றால், அவரை அனுப்பியது யார், அந்த ஆளின் பெயர் வெளியே வராமல் இருப்பதுதான் அவருடைய முதல் வேலையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நியாயமான பிரதிநிதித்துவம் என்றால் ஒரு வக்கீல் பக்கத்தில் நிற்பது மட்டும் அல்ல. அவர் உங்களுக்காக நிற்க வேண்டும். அரசு தரும் இலவச வக்கீல் பல நேரங்களில் முதலாளியின் வக்கீலைவிட நல்லவர் என்று நான் சொல்வது இதனால்தான். அவருக்குச் சம்பளம் கொடுப்பவருக்கு உங்கள் வழக்கில் மறைக்க எதுவும் இல்லை.

அக்கரையில் பிடிபட்டால் பணம் வேறு வடிவில் பேசும். 2011 நவம்பரில் தங்கச்சிமடத்து மீனவர்கள் ஐந்து பேரை இலங்கைக் கடற்படை பிடித்தது. போதைப்பொருள் கடத்தியதாகக் குற்றச்சாட்டு. 2014 அக்டோபர் 30-ல் கொழும்பு உயர் நீதிமன்றம் அவர்களுக்கு மரண தண்டனை விதித்தது. கரை கொதித்தது. மறியல், அரசியல் அழுத்தம், இந்தியத் தூதரகம் வழியாக மேல்முறையீடு. கடைசியில் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், இலங்கை ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார், நவம்பரிலேயே ஐந்து பேரும் வீடு திரும்பினார்கள். அந்த ஐவரிடம் இல்லாத பணத்தின் இடத்தை ஓர் அரசு நிரப்பியது. ஊர் திரண்டு நின்றதால் நிரப்பியது.

வழக்கமாக எல்லை தாண்டிய வழக்குகளில் வேறொரு வித்தியாசத்தைப் பார்க்கலாம். ஆட்கள் சில வாரங்களிலோ மாதங்களிலோ வந்துவிடுவார்கள், படகு அங்கேயே நிற்கும். படகை மீட்க உரிமையாளரே ஆவணங்களோடு அங்குள்ள நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும். பாஸ்போர்ட், பயணம், அங்கே ஒரு வக்கீல். இந்தச் செலவைத் தாங்க முடியாத ஒற்றைப் படகுக்காரருக்கு, ஆஜராகாததாலேயே படகு பறிமுதலாகிவிடும். ஆக, முதலாளி என்று நாம் சொல்கிற ஆளும் இன்னொரு கரையில் ஏழைதான்.

கிரிமினல் வழக்கை விட்டுச் சிவில் பக்கம் கொஞ்சம். நிலத் தகராறு, பணப் பாக்கி போன்ற வழக்குகளில் நீதிமன்றக் கட்டணமே ஒரு சுவர். தமிழ்நாட்டில் வழக்கு மதிப்பில் ஏழரை சதவீதமாக இருந்ததை 2017-ல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். கட்டவே முடியாதவர், வசதியற்றவர் என்று மனு போட்டுக் கட்டணமின்றி வழக்கு நடத்தச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் இங்கே பெரிய வித்தியாசம் பொறுமையில்தான். விபத்தில் கணவனை இழந்த பெண் இன்சூரன்ஸ் கம்பெனி மீது வழக்குப் போடுகிறார். கம்பெனிக்கு அது ஆயிரத்தில் ஒரு வழக்கு. மேல்முறையீடு, இன்னும் இரண்டு வருஷம் என்றால் அவர்களுக்கு ஒரு கோப்பு அலமாரியில் இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு மகள் காலேஜ் பீஸ் ஜூனில் கட்டியாக வேண்டும். பத்து கேட்க வேண்டியவர் ஐந்துக்குச் சம்மதிப்பார். அதைச் 'சமரசம்' என்று பதிவு செய்வார்கள். மக்கள் நீதிமன்றத்தை, அதாவது லோக் அதாலத்தை, நான் குறை சொல்லவில்லை. கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், சீக்கிரம் முடியும். ஆனால் அதன் தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. கையெழுத்துப் போடும் முன் சொந்தமாக ஒரு வக்கீலிடம் தொகை சரிதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று: 'ஜெயித்தால் இத்தனை சதவீதம்' என்று பீஸ் பேசுவது நம் நாட்டில் வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்டது. அப்படிப் பேசினால் உஷாராகுங்கள்.

இலவச வக்கீல் யாருக்கு?

1987-ல் நிறைவேறிய சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்தது. 'ஏழைகளுக்கு மட்டும்' என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. கீழக்கரையில் கணவர் வளைகுடா நாட்டில் சம்பாதிக்கும் பெண்ணாக இருந்தாலும் சரி, தொண்டியில் கருவாடு விற்கும் பெண்ணாக இருந்தாலும் சரி, இருவருக்கும் உரிமை உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், புயல் வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் அப்படியே. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானத்துக்குப் பொதுவாக ஒரு பிரமாணப் பத்திரம் போதும்.

ராமநாதபுரத்தில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வக்கீல் பீஸ் மட்டுமல்ல, நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு, மொழிபெயர்ப்புச் செலவும் அதில் அடங்கும். நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். 2022-லிருந்து கிரிமினல் வழக்குகளுக்கென்றே முழுநேரச் சம்பளத்தில் வக்கீல்களை நியமிக்கும் முறையும் வந்திருக்கிறது. தனிப்பட்ட வழக்குகளுக்கு நடுவே இதையும் பார்த்துக்கொண்டிருந்த பழைய ஏற்பாட்டைவிட இது மேல்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'ஓசி வக்கீல் என்ன பேசிவிடுவார்' என்ற எண்ணம் ஊரில் இருக்கிறது. அக்கறையில்லாத சிலர் அதை உண்மையாக்கியும் விடுகிறார்கள். சரியில்லை என்றால் வேறு வக்கீலை நியமிக்கச் சொல்லி மனு கொடுக்கலாம். ஆனால் இலவச வக்கீலால் அடைக்க முடியாத ஓட்டை ஒன்று இருக்கிறது. அவர் பீஸை மிச்சப்படுத்துவார், இழந்த பாட்டுக்கூலியைத் தர மாட்டார். மூன்று வருஷம் இழுக்கும் வழக்கில் பஸ் செலவும் போன வேலையும் சேர்ந்தால் வக்கீல் பீஸைத் தாண்டிவிடும். வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் பிடிவாரண்டு வரும். அப்புறம் மறுபடி சிறை, மறுபடி ஜாமீன்தாரர் தேடல். கடலிலிருந்து திரும்பாமல் வாய்தாவைத் தவறவிட்டுப் பிடிவாரண்டு வாங்கினால், ஓடிப்போனவர் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் வக்கீலைப் பார்க்கும் முதல் நாளே, தொழில் நாட்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தெந்தக் கிழமை கடல், எப்போது கரை திரும்புவோம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அந்த 61 நாளும் எப்போது கூப்பிட்டாலும் வருவோம் என்று. நேரில் வர முடியாத வாய்தாவுக்கு ஆஜர் விலக்கு மனு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 317-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் 355. குமாஸ்தாக்கள் இன்னும் '317 மனு' என்றுதான் சொல்வார்கள். வாய்தாவுக்கு முன்பே வக்கீலிடம் சொல்லிவிட்டால்தான் அது நடக்கும், போன பிறகு சொன்னால் நடக்காது. அடுத்த தேதி குறிக்கும்போது வக்கீலை விட்டு வெள்ளிக்கிழமை கேட்கச் சொல்லுங்கள். காரணத்தைச் சொன்னால் கொடுக்கிற நீதிபதிகள் இருக்கிறார்கள். கேட்கிறவர்கள்தான் குறைவு.